லுவாருக்குத் தெற்கே, ஆனால் பிஸ்கேயில் இல்லை: ஒரு மறைவிட ஆட்டத்தின் ஆய்வு

உலகின் ஏதோ ஓர் இடத்தை ஒருவர் மனத்தில் வைத்துக்கொள்ள, மற்றவர்கள் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு விடைகளை மட்டுமே பெற்று அதைக் கண்டுபிடிக்கும் ஆட்டத்தில், திணறுகிறவர்களுக்கு நாடு நகரங்களின் பெயர் தெரியாதிருப்பது அரிது. கிடைத்த விடையில் இருந்ததைவிடச் சற்று அதிகமாக அதிலிருந்து எடுத்துக்கொண்டுவிடுவதுதான் அவர்களைப் பெரும்பாலும் திணறடிக்கிறது. எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் நடந்த ஒரு சுற்று இதற்கு நல்ல சான்று. கேள்விகளையும் விடைகளையும் வரிசையாகக் குறித்த தாள் கைவசம் இருப்பதால், எந்தக் கேள்வி எதைக் கழித்தது, எங்கே வழி தப்பியது, எப்படி மீண்டது என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்க முடிகிறது.

ஆட்டத்தின் விதி எளிமையானது. இடத்தைத் தேர்ந்தவர் அதன் பெயரைத் துண்டுத்தாளில் எழுதி, மடித்து, நிலப்பட நூலின் அடியில் வைத்துவிடுவார். கேட்பவர்களுக்கு இருபது கேள்விகள். ‘இருக்கலாம்’, ‘ஓரளவு’ என்ற விடைகளுக்கு இடமில்லை. இந்தச் சுற்றில் இடத்தை மறைத்தவர் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர். கேட்டவர்கள் மூவர்: அந்நியச் செலாவணிப் பிரிவில் பணியாற்றும் வங்கி ஊழியரான ஒரு பெண்மணி, பொறியியல் படிக்கும் மாணவர், அஞ்சல்தலை சேகரிக்கும் கடைக்காரர் அண்ணாச்சி. மாணவரே குறிப்பும் எடுத்தார். நான் பார்வையாளன்.

இருபது கேள்விகள் குறைவு என்று தோன்றலாம். ஒவ்வொரு கேள்வியும் எஞ்சியிருக்கும் இடங்களைச் சரிபாதியாக வெட்டுமானால், இருபது கேள்விகளால் 10,48,576 இடங்களில் ஒன்றைத் தனித்தெடுக்கலாம். ஐக்கிய நாடுகள் அவையின் 193 உறுப்பு நாடுகளில் ஒன்றைக் கண்டறிய எட்டுக் கேள்விகளே போதும். ஏழு போதாது, ஏனெனில் ஏழு கேள்விகள் 128 வரைதான் எட்டும். நாட்டுக்கு எட்டு போக, அந்த நாட்டுக்குள் ஊரைத் தேட இன்னும் பன்னிரண்டு கேள்விகள் மிஞ்சுகின்றன. 4,096 ஊர்களில் ஒன்றைப் பிடிக்க அவை போதும். ஆக, கணக்குப்படி ஆட்டம் கேட்பவர் பக்கமே சாய்ந்திருக்கிறது. வெட்டு பாதியில் விழ வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

முதல் கேள்வி வழக்கமானது: “அந்த இடம் வட அரைக்கோளத்தில் இருக்கிறதா?” விடை: ஆம். பலரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள், ஆனால் இது பார்வைக்குத்தான் பாதி வெட்டு. உலகின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கிறது. மக்கள்தொகையில் மிகப் பெரும்பகுதியும் அங்கேதான். எனவே ‘ஆம்’ வருவதற்கே வாய்ப்பு அதிகம், வந்தால் கழிவது குறைவு. நிலநடுக்கோட்டுக்குப் பதிலாகக் கடக ரேகையை வைத்துக் கேட்டிருந்தால் வெட்டு சமமாக விழுந்திருக்கும் என்பது என் எண்ணம். இந்தச் சுற்றில் அந்த ஒரு மாற்றம் எவ்வளவு மிச்சப்படுத்தியிருக்கும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது, ஆசியாவா என்பது. இல்லை. மூன்றாவதை வங்கி ஊழியர் கேட்டார்: “ஐரோப்பிய ஒன்றியத்துக்கு உட்பட்ட இடமா, சார்?” ஆசிரியர் தயங்காமல் ‘ஆம்’ என்றார்.

துணிச்சலான கேள்வி இது. 193 நாடுகளில் ஒன்றியத்தின் உறுப்பினர்கள் 27 மட்டுமே என்பதால், ‘இல்லை’ என்று வந்திருந்தால் ஏறக்குறைய எதுவும் கழிந்திருக்காது. ‘ஆம்’ வந்ததால் மூன்று நல்ல கேள்விகளின் வேலையை இது ஒன்றே செய்துவிட்டது. கேட்டவர்கள் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது. மாணவர் தன் தாளில், கேள்வியின் நேரே, ‘ஐரோப்பா’ என்று எழுதி அடிக்கோடும் இட்டார். சுற்று வழி தப்பியது அந்த அடிக்கோட்டில்தான். ஆசிரியர் சொன்னது ஓர் அரசியல் அமைப்பின் எல்லையைப் பற்றி. தாளில் ஏறியது ஒரு கண்டம். அடுத்த பன்னிரண்டு கேள்விகளில் எதுவும் இந்த வேறுபாட்டைத் தொடவில்லை.

கண்டத்தை விட்டுவிட்டு, நாடுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் நான்கு முதல் பத்து வரையான கேள்விகள் மிக நேர்த்தியானவை. கடற்கரையில் உள்ளதா என்ற நான்காவது கேள்விக்கு ‘ஆம்’ வந்ததும், கடலே இல்லாத ஆஸ்திரியா, செக்கியா, சுலோவாக்கியா, ஹங்கேரி, லக்சம்பர்க் ஆகிய ஐந்தும் விலகின. மத்தியதரைக் கடற்கரையா என்ற ஐந்தாவதற்கு ‘இல்லை’ வரவே இத்தாலி, கிரேக்கம், மால்டா, சைப்பிரஸ், குரோவேசியா, சுலோவேனியா ஆகியவை முழுவதுமாகக் கழிந்தன. ஆறாவது கேள்வி அண்ணாச்சியுடையது: “அந்த நாட்டில் ராஜாவோ ராணியோ உண்டா?” அஞ்சல்தலையில் அரச முகங்களைப் பார்த்துப் பழகியவருக்கே தோன்றக்கூடிய கேள்வி. ‘இல்லை’ என்ற விடையால் ஸ்பெயின், பெல்ஜியம், நெதர்லாந்து, டென்மார்க், சுவீடன் ஐந்தும் ஒரே அடியில் போயின. மிச்சம் பதினொரு நாடுகள்.

ஏழாவது, பால்டிக் கரையா என்று. பதினொன்றில் ஆறு பால்டிக் கரை நாடுகள். இதைவிடச் சமமான வெட்டு இந்தச் சுற்றில் வேறில்லை. ‘இல்லை’ என்றதும் போர்ச்சுகல், அயர்லாந்து, பிரான்ஸ், கருங்கடல் ஓரத்து பல்கேரியா, ருமேனியா ஆகிய ஐந்தும், வடகடல் கரையும் உடைய ஜெர்மனியும் எஞ்சின. எட்டாவது கேள்விக்கு, அட்லாண்டிக் கரை என்ற உறுதி கிடைத்தது. ஒன்பதாவதில் போர்ச்சுகல் இல்லை என்றும், பத்தாவதில் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்ததுதான் என்றும் தெரிந்தது. பத்துக் கேள்விகளில் நாடும் கடலும் கைக்கு வந்துவிட்டன. பதினொன்றாவதில் பிரான்சின் வடமேற்கு மூலையில் உள்ள பிரிட்டனி தீபகற்பம் விலக்கப்பட்டது.

பன்னிரண்டாவது கேள்விதான் இந்தச் சுற்றின் இதயம். “லுவார் ஆற்று முகத்துவாரத்துக்குத் தெற்கேயா, சார்?” என்று வங்கி ஊழியர் கேட்டார். அதுவரை உடனுக்குடன் விடை சொல்லிவந்த ஆசிரியர் சற்று நிறுத்தினார். நிலப்பட நூலைத் தன் பக்கம் இழுத்து, பின்பக்க ஊர்ப்பெயர் அட்டவணையில் ஏதோ பார்த்தார். எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்பதை மற்றவர்கள் காணாதபடி அட்டையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். பிறகு ‘ஆம்’ என்றார். பிரான்சின் மேற்குக் கரையில் லுவார் கடலில் கலக்கும் இடம் 47 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. மறைத்த இடத்தின் அட்சம் அதைவிட மிகக் குறைவு. ஆகவே விடையில் பொய் இல்லை.

கவனமான ஆட்டக்காரர்கள் இந்த இடத்தில் விடையைவிடத் தயக்கத்தைத்தான் குறித்துக்கொண்டிருப்பார்கள். பிரான்சின் மேற்குக் கரையில் உள்ள எந்த ஊரானாலும், லுவாருக்கு வடக்கா தெற்கா என்று சொல்ல ஒரு புவியியல் ஆசிரியருக்கு அட்டவணை தேவைப்படாது. ஆனால் மூவரும் விடையின் மகிழ்ச்சியில் இருந்தார்கள். இனி ஒரு நீண்ட மணற்கரை மட்டுமே பாக்கி என்று நம்பினார்கள்.

பதின்மூன்றாவது: “பிஸ்கே விரிகுடாக் கரையா?” விடை: இல்லை.

மேசையில் சற்றுநேரம் பேச்சே இல்லை. லுவார் முகத்துவாரத்திலிருந்து ஸ்பெயின் எல்லை வரை பிரான்சின் கரை முழுவதும் பிஸ்கே விரிகுடாவைத்தான் பார்த்திருக்கிறது. பிரான்ஸ், அட்லாண்டிக் கரை, லுவாருக்குத் தெற்கு, ஆனால் பிஸ்கே இல்லை என்ற நான்கையும் சேர்த்தால் தாளில் ஓர் ஊரும் மிஞ்சவில்லை.

“சார், எங்கேயோ ஒரு பதில் மாறிப்போச்சு,” என்றார் மாணவர்.

“பதில் எதுவும் மாறவில்லை, தம்பி. கேட்டதற்குத்தான் சொல்லியிருக்கிறேன்,” என்றார் ஆசிரியர்.

இப்படி எஞ்சியவை அனைத்தும் கழிந்து வெறுமையானால், காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஏதோ ஒரு விடை பொய்யாக இருக்க வேண்டும். அல்லது விடைகள் எல்லாம் மெய்யாக இருந்து, யாரும் கேட்காத ஒன்றைக் கேட்பவர்களே உண்மை என்று சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் வகையைக் கணித அறிஞர்கள் தனிப் புதிராகவே எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஒன்று முதல் பத்து லட்சம் வரையான எண்களில் ஒன்றை நினைத்தவர் அதிகபட்சம் ஒருமுறை பொய் சொல்லலாம் என்றால் எத்தனை கேள்விகள் வேண்டும் என்ற வினாவை எழுப்பியவர் ஸ்டானிஸ்லாவ் உலாம். அதே வகைச் சிக்கலை அவருக்கு முன்பே ஆல்பிரட் ரென்யியும் எண்ணிப் பார்த்திருந்தார். 25 கேள்விகள் போதும் என்பது 1987-ல் நிறுவப்பட்டது. 24 ஏன் போதாது என்பதைக் கையாலேயே கணக்கிடலாம். 25 கேள்விகளுக்கான விடைவரிசைகள் 3,35,54,432. ஒவ்வோர் எண்ணுக்கும் பொய்யே இல்லாத வரிசை ஒன்றும், 25 இடங்களில் ஏதாவது ஒன்றில் பொய் விழும் வரிசைகள் 25-ம் ஆக 26 வரிசைகள் தேவை. வகுத்தால் பன்னிரண்டரை லட்சத்துக்கு மேல் வருகிறது. பத்து லட்சம் அதற்குள் அடங்கும். 24 கேள்விகளானால் ஆறேமுக்கால் லட்சத்தைக்கூட எட்டாது. அதாவது, பொய் சொல்ல இடமில்லாதபோது இருபதில் முடிவது, ஒரே ஒரு பொய்க்கு வழி விட்டதும் இருபத்தைந்தாகிவிடுகிறது.

நம் மூவரிடமும் அப்போது இருந்தவை ஏழு கேள்விகளே. பொய்யைத் தேடிப் புறப்பட்டால் அவை பழைய கேள்விகளைத் திரும்பக் கேட்பதிலேயே கரைந்துபோகும். தவிரவும், மறைப்பவர் பொய் சொல்லக்கூடாது என்பது ஆட்டத்தின் விதி. விதியை நம்பினால் சந்தேகப்பட வேண்டியது தங்கள் தாளைத்தான். ஆனால் அடுத்த இரண்டு கேள்விகளில் அவர்கள் தாளையும் சந்தேகிக்கவில்லை, ஆசிரியரையும் முழுதாகச் சந்தேகிக்கவில்லை. ‘விரிகுடாக் கரை’ என்பதில் சந்து கிடைக்குமா என்று துழாவினார்கள். கழிமுகம் கடற்கரையாகாது என்ற எண்ணத்தில் ஜிரோந்து கழிமுகமா என்று கேட்டது பதினான்காவது. கரைக்கு அப்பால் உள்ள ஒலெரோன், ரே போன்ற தீவுகளை மனத்தில் வைத்து, தீவா என்று கேட்டது பதினைந்தாவது. இரண்டுக்கும் ‘இல்லை’.

அண்ணாச்சி அந்த இரண்டு கேள்விகளிலும் கலந்துகொள்ளவில்லை. மாணவரிடமிருந்து தாளை வாங்கி, கேள்விகளை மட்டும், அவர் ஓரத்தில் எழுதிய குறிப்புகளை விட்டுவிட்டு, மேலிருந்து வாய்விட்டுப் படித்தார். மூன்றாவதை இரண்டுமுறை படித்தார். பிறகு, “சார், அந்த இடம் ஐரோப்பாக் கண்டத்திலேயே இருக்கா?” என்று கேட்டார். விடை: இல்லை.

அதற்குப் பிறகு ஆட்டம் சில நிமிடங்களே நீடித்தது. பிரெஞ்சுக் குடியரசின் பகுதி, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள், ஆனால் ஐரோப்பாவில் இல்லை, தீவும் இல்லை. மார்த்தினிக், குவாதலூப், சேன் மார்த்தேன், ரெயூனியன், மயோத் ஆகிய அனைத்தும் தீவுகள் அல்லது தீவுப் பகுதிகள். பெருநிலத்தில் இருப்பது ஒன்றே: தென் அமெரிக்காவின் வடகிழக்கில், பிரேசிலுக்கும் சுரினாமுக்கும் இடையே உள்ள பிரெஞ்சு கயானா. பயனற்றதாகத் தோன்றிய பதினைந்தாவது கேள்விதான் இந்த முடிவை ஒரே எட்டில் தந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் இந்தக் காரணத்துக்காக அதைக் கேட்கவில்லை என்றாலும், ஒரு கேள்வியின் விடை அதைக் கேட்ட நோக்கத்தைத் தாண்டியும் செல்லுபடியாகிறது.

பதினேழாவதில் தலைநகர் கயேன் இல்லை என்று தெரிந்தது. “அங்கேயிருந்துதானே நம்ம செயற்கைக்கோளையெல்லாம் விடுறாங்க!” என்ற மாணவர், ராக்கெட் ஏவும் ஊரா என்று பதினெட்டாவதாகக் கேட்டார், நேரடியாகப் பெயரையே சொல்லியிருக்கலாம், கேள்வியும் ஒன்று மிஞ்சியிருக்கும். ‘ஆம்’ வந்தது. பத்தொன்பதாவதில் ‘கூரூ’ என்ற பெயர் சொல்லப்பட்டு, மடித்த தாள் விரிக்கப்பட்டது.

ஆசிரியர் ஏன் கூரூவைத் தேர்ந்தார் என்பது இந்த ஆய்வுக்குத் தேவையானது, ஏனெனில் இவ்வூர் மறைப்பவருக்குக் கிடைக்கும் அரிய வகையைச் சேர்ந்தது: அரசியலுக்கும் நிலத்துக்கும் இடையே நாலாயிரம் மைலுக்கு மேல் கடல் விரிந்துகிடக்கும் இடம். பிரான்ஸ் தன் ராக்கெட்டுகளை முதலில் அல்ஜீரியப் பாலைவனத்தில் அம்மகீர் என்ற இடத்தில் சோதித்துவந்தது. 1962-ல் அல்ஜீரியா விடுதலை பெற்றபோது செய்துகொண்ட எவியான் உடன்பாட்டின்படி, 1967-க்குள் அங்கிருந்து வெளியேற வேண்டியிருந்தது. மாற்றிடம் தேடியவர்கள் 1964-ல் கூரூவைத் தேர்ந்தார்கள். நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகையே விலகிய அட்சம். கிழக்கிலும் வடக்கிலும் திறந்த அட்லாண்டிக். பூமி சுழலும் வேகம் அங்கே நொடிக்கு ஏறத்தாழ 463 மீட்டர். கசகஸ்தானின் பைக்கனூரில் அது சுமார் 323 மீட்டர்தான். கிழக்கு நோக்கி ஏவும் ராக்கெட்டுக்கு இந்த வேறுபாடு செலவின்றிக் கிடைக்கும் உந்துதல். 1968-ல் முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது, 1979 டிசம்பரில் ஐரோப்பாவின் முதல் ஏரியன் ராக்கெட். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2021 டிசம்பர் 25 அன்று புறப்பட்டதும் அங்கிருந்துதான். மாணவர் ‘நம்ம செயற்கைக்கோள்’ என்றதும் சரியே: 1981-ல் ஆப்பிள் முதல், ஸ்ரீஹரிகோட்டாவின் ராக்கெட்டுகளால் அதன் சுற்றுப்பாதைக்குத் தூக்க இயலாத 5,854 கிலோ எடையுள்ள ஜிசாட்-11 வரை பல இந்தியச் செயற்கைக்கோள்கள் கூரூவிலிருந்து ஏவப்பட்டவை. அந்தக் கரைக்கு நம்மோடு இன்னும் பழைய உறவும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேற்றப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் பிரெஞ்சு கயானாவுக்கும் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

1946 முதல் பிரெஞ்சு கயானா காலனியல்ல, பிரான்சின் ஒரு மாவட்டம். நாணயம் யூரோ. பிரான்சின் மிக நீளமான நில எல்லை ஸ்பெயினோடு இல்லை. ஒயாபோக் ஆற்றங்கரைக் காட்டில் பிரேசிலோடு, சுமார் 730 கிலோமீட்டர். இந்தச் செய்திகள் மூவருக்கும் அடியோடு தெரியாதவையல்ல. அண்ணாச்சியிடம் காலனிக் காலத்துக் கயானா அஞ்சல்தலைகளே இருந்தன. வங்கி ஊழியரின் கைவழியே நாள்தோறும் கடந்துபோகும் யூரோத் தாளின் பின்பக்கத்திலோ, ஐரோப்பாவின் வரைபடத்துக்குக் கீழே, ஓரமாக, நகக்கண் அளவுள்ள சிறு கட்டங்களில் பிரெஞ்சு கயானாவும் மற்றத் தொலைதூரப் பகுதிகளும் அச்சாகியிருக்கின்றன. ஆட்டம் முடிந்தபின் ஆசிரியர் கைப்பேசியில் அந்தத் தாளின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டியபோது, “இத்தனை வருஷமா எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்,” என்று வங்கி ஊழியர் சிரித்தார்.

கடக ரேகைக்கு வருகிறேன். முதல் கேள்வி கடக ரேகைக்கு வடக்கா என்றிருந்தால் விடை ‘இல்லை’ என வந்திருக்கும். அதையடுத்து ஐரோப்பிய ஒன்றியம் என்ற ‘ஆம்’ வரும்போது, எந்தத் தாளிலும் ‘ஐரோப்பா’ என்று எழுத முடியாது. ஒன்றியத்தின் பகுதிகளில் அந்த ரேகைக்குத் தெற்கே இருப்பவை மேலே சொன்ன ஐந்தும் பிரெஞ்சு கயானாவும் மட்டுமே. தீவா என்ற ஒரு கேள்வி மீதியை முடித்துவைக்கும். ஆறேழு கேள்விகளில் கூரூ வந்திருக்கும். ஆனால் இதை ஒரு சூத்திரமாகக் கொள்ள நான் தயாரில்லை. மறைத்த இடம் லிஸ்பனாகவோ டப்ளினாகவோ இருந்திருந்தால், இதே மூவரின் இதே வரிசை மிகச் சிறப்பானது என்று எழுதியிருப்பேன். ஒரே வரிசைக் கேள்விகள் ஓர் இடத்தை விரைவாகவும் இன்னொன்றை மெதுவாகவும் பிடிப்பது இயல்பு. விரைவு எந்தப் பக்கம் விழும் என்பதை மறைப்பவர் கேட்பவர்களின் பழக்கத்தை அறிந்து தீர்மானிக்கிறார். ஆசிரியர் அதை நன்றாகவே அறிந்திருந்தார்.

பன்னிரண்டாவது விடை நியாயமானதுதானா என்ற வழக்கு மட்டும் தீரவில்லை. வங்கி ஊழியரின் வாதம் இது: லுவாருக்குத் தெற்கா என்று கேட்பவர் அந்த ஆறு ஓடும் நாட்டுக்குள் வைத்துத்தான் கேட்கிறார், அட்லாண்டிக்கைத் தாண்டி அளந்து விடை சொல்வது கேள்வியின் பொருளைக் கெடுப்பது. எனவே இப்படிப்பட்ட இடங்களில் ‘பொருந்தாது’ என்ற மூன்றாவது விடைக்கு இடம் தர வேண்டும் என்றார் அவர். கேட்க நியாயமாகவே இருக்கிறது. நிலநடுக்கோடு ஊருக்குள்ளேயே செல்லும் பொன்தியானக், இரு கண்டங்களில் கால் வைத்த இஸ்தான்புல், நான்கு அரைக்கோளங்களிலும் சிதறிய கிரிபாட்டி என்று ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டுமே சங்கடமாகும் இடங்களும் உலகில் குறைவில்லை.

ஆசிரியர் ஒப்பவில்லை. பன்னிரண்டாவது கேள்விக்குத் தான் ‘பொருந்தாது’ என்று சொல்லியிருந்தால், அந்த இடம் ஐரோப்பாவிலேயே இல்லை என்பது அந்த நொடியே வெளிப்பட்டிருக்கும், கேட்டவர்கள் ஒரு கேள்வியும் செலவிடாமல் அதைப் பெற்றிருப்பார்கள் என்பது அவர் பதில். மூன்று விடைகள் அனுமதிக்கப்பட்டால் ஒவ்வொரு கேள்வியும் மூன்றாகப் பிரிக்கும். பதின்மூன்று கேள்விகளிலேயே 15,94,323 இடங்கள் அடங்கிவிடும். பிறகு இருபது எதற்கு என்று அவர் கேட்டார். மூன்றாவது விடை அவ்வளவு சமமாக வராது, அபூர்வமாகவே வரும் என்று மாணவர் மறுத்தார். அபூர்வமாக வருவதால்தான் வரும்போது அது அதிகமாகக் காட்டிக்கொடுக்கும் என்றார் ஆசிரியர். கணக்கு ஆசிரியர் பக்கம் இருக்கிறது. நியாயம் வங்கி ஊழியர் பக்கம் என்று எனக்குப் படுகிறது. விதி இன்னும் மாற்றப்படவில்லை.